பங்காரு கூப்பிடாத பெயர்

தாராபுரத்துக்கும் உடுமலைப்பேட்டைக்கும் நடுவே, காற்றாலைகள் நிற்கும் மேட்டுக்காட்டில், வெங்கடபதியின் தோட்டத்துக்கு அடியில் இருக்கும் குகை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒழிய யாரையும் வெளியே விடுவதில்லை. வெங்கடபதி தண்ணீருக்காகத்தான் போர் போட்டார். நூற்றிருபதாவது அடியில் கம்பி சடாரென்று வெற்றிடத்தில் விழுந்தது. இரண்டு நாள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் பக்கத்தில் பள்ளம் தோண்டி இறங்கிப் பார்த்தார். சுண்ணாம்புப் பாறை வழிந்து வழிந்து உறைந்து யானையாகவும் தேராகவும் பருத்திப் பொதியாகவும் நின்றது. ஒரு வருஷத்துக்குள் படிக்கட்டு வந்தது, பச்சையும் நீலமுமாக விளக்குகள் வந்தன, சீட்டுக் கொடுக்கத் தகரக் கொட்டகை வந்தது, இளநீர்க்கடை வந்தது. தென்னைக்குத் தண்ணீர் மட்டும் இன்றுவரை லாரியில்தான் வருகிறது.

குகையின் குணம் தெரிந்தது அப்துல் கையூமால். கோவை கோட்டைமேட்டில் பாத்திரத்துக்கு ஈயம் பூசும் பட்டறை வைத்திருப்பவர். இருபத்திரண்டு பேராக வந்த அந்தக் குடும்பத்தில் பெரியவர்கள் சின்னவர்களைக் கத்திக் கூப்பிட, எல்லோரும் ஏறி வந்துவிட்டார்கள். கையூம் மட்டும் வரவில்லை. மனைவி 'என்னங்க' என்றார், மகன்கள் 'அத்தா' என்றார்கள், வெங்கடபதி மைக்கில் முழுப்பெயரையும் மூன்று தடவை படித்தார். ஒன்றும் பலிக்கவில்லை. நாலாம் நாள் பாலக்காட்டிலிருந்து அவருடைய அக்கா பக்ருன்னிசா மூட்டுவலியோடு காரில் வந்து இறங்கி, "டேய் கையூமு, வாடா வெளிய" என்றதும் படியேறி வந்தார். வாயில் போட்டிருந்த வெற்றிலை அப்போதுதான் சிவக்க ஆரம்பித்திருந்தது. பசிக்கவில்லை, தாடி வளரவில்லை, ஆனால் மனசுக்கு நாலு நாளும் நாலு நாளாகத்தான் இருந்தது என்று சொன்னார். அதன்பிறகு வெங்கடபதி பலகை எழுதி வைத்தார்: வெளியே வரும்போது ரத்த உறவிலோ வீட்டு உறவிலோ மூத்தவர் ஒருவர் இளையவரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும், செருப்பைக் கொட்டகையில் விட வேண்டும். குகையும் இந்த ஊர்க் குகைதானே. சின்னவர்கள் பெரியவர்கள் பெயரைச் சொன்னால் அது காதிலேயே வாங்காது. வெங்கடபதியையும் அவர் வைத்திருக்கும் கைடையும் மட்டும் அது தடுப்பதில்லை.

ஆகவே குகைக்குப் போகத் திட்டம் போடுகிறவர்கள் புளிசாதமா தயிர்சாதமா என்பதற்கு முன்னால் யாரை யார் கூப்பிடுவது என்று முடிவு செய்துகொள்வது வழக்கமாயிற்று. குடும்பத்திலேயே மூத்தவர் உள்ளே போவதில்லை. அவருக்கு வாசலில் வெங்கடபதி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தார். அதில் உட்கார்ந்து குகையைப் பார்க்காமலே திரும்பிப் போன பெரியவர்கள் கொங்கு நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

சூலூரில் தறி ஓட்டும் காளிச்சாமியின் குடும்பத்தில் மூத்தவர் அவருடைய அக்கா பங்காரு. வயது அறுபத்தொன்று. காளிச்சாமிக்கு ஏழு வருஷம் மூத்தவர். பையனுக்கு ஒன்பது வயதாகும்போது தாய் போய்விட, அவனைக் குளிப்பாட்டி, பேன் பார்த்து, பள்ளிக்கு விரட்டி வளர்த்தது பங்காருதான். சாயங்காலமானால் வாசலில் நின்று, "டேய் காளிச்சாமி" என்று அவள் கூப்பிடும் சத்தம் குளத்துக் கரையைத் தாண்டிப் போகும். விளையாடிக்கொண்டிருக்கும் மற்ற பையன்களும் அதைக் கேட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். பங்காருவுக்குக் கல்யாணமாகி நாலாம் வருஷம், புருஷன் கிணற்று மோட்டாரில் கரண்ட் அடித்துச் செத்துப்போனார். அண்ணன் தம்பி வீடு என்று சொல்ல அவளுக்கு இருந்தது ஒரு தம்பி வீடு. அங்கேயே வந்துவிட்டாள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆவணியில் காளிச்சாமிக்குக் கல்யாணம். அந்தப் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் கல்யாணப்பெண் மாதிரி உடுத்திக்கொண்டு, தலையில் கூடையோடு வந்து, அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரே சேலையின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை அவன் கையில். நீ வேறு வீட்டுக்காரன் ஆனாலும் எனக்கு அண்ணன் தம்பிதான் என்று ஊருக்கு முன்னால் சொல்லுகிற சீர் அது. பங்காரு தன் கையால் ஒரு சேலை எடுத்து, நாலு முனையிலும் மஞ்சள் நீர் தொட்டு, கூடையில் வைத்துக்கொண்டு மண்டபத்துத் தூணோரம் நின்றாள். தாலியறுத்தவள் கூடை எடுக்கலாமா என்று நாலைந்து பேர் முனகியது அவள் காதிலும் விழுந்தது. பரவாயில்லை, தம்பி கூப்பிடுவான் என்று இருந்தாள். சடங்கு செய்துவைக்கும் அருமைக்காரர், "ஏனுங் மாப்பிள்ளை, பொறந்தவளக் கூப்புடுங்க" என்றார். காளிச்சாமி தூணைப் பார்த்தார். அக்காவின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தார். பிறகு சித்தப்பா மகளைப் பார்த்து, "சரசா, நீ வா" என்றார்.

அந்தச் சேலை அதற்குப் பிறகு காயவில்லை. இருபத்தெட்டு வருஷம் ஈரமாகவே இருந்தது. நாலு முனையில் தொட்ட மஞ்சள் நீர் சேலை முழுக்கப் பரவி, வெயிலில் போட்டாலும் மின்விசிறிக்குக் கீழே போட்டாலும் சொட்டிக்கொண்டே இருந்தது. நாளுக்கு ஒரு சொம்பு வரும். பங்காரு அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். செடி மரமாகித் தெருவுக்கே இலை கொடுத்தது. காளிச்சாமியோ கல்யாணமான வாரத்திலேயே அந்தச் சங்கதியை மறந்துவிட்டார். அக்காவுக்குப் பொங்கலுக்குப் பொங்கல் புடவை எடுத்தார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், விருந்தாளிகளிடம் "எங்கக்காதானுங்க எனக்கு அம்மா" என்று சொன்னார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது நிஜம். அதைப் பார்க்கும்போதெல்லாம் பங்காருவுக்கு வயிறு எரிந்ததும் நிஜம்.

மற்றபடி அவள் அந்த வீட்டில் குறையில்லாமல்தான் இருந்தாள். காளிச்சாமியின் மனைவி ராசாத்தாள் நல்ல மாதிரி. பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் மோகனப்பிரியா, இளையவன் அருண்குமார். மோகனப்பிரியாவை ஈரோட்டுப் பக்கம் கொடுத்தார்கள். மாப்பிள்ளை கை நீட்டுகிறவன். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கோர்ட்டில் விவாகரத்து வாங்கிக்கொண்டு வந்தவளைக் கட்டிப்பிடித்து உள்ளே கூட்டிப்போனது அத்தை பங்காருதான். போன வருஷம் அருண்குமாருக்குப் பெண் பார்த்து, ஆவணியில் நாள் குறித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே காளிச்சாமி, "இணைச்சீருக்குச் சரசா மவ ரித்திகாவச் சொல்லிப்போட்டேன். அத்துக்கிட்டு வந்தவ கூடை எடுத்தா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க" என்றார். பேச்சு முடிந்துவிட்ட மாதிரி இன்னொரு இட்லி கேட்டார்.

மோகனப்பிரியா அப்போது சட்னிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் கரண்டி பாதி வழியில் நின்றது. அப்புறம் அப்பாவின் தட்டில் சட்னியை ஊற்றிவிட்டு உள்ளே போனாள். தூணோரம் நின்ற அன்று தன் முகம் எப்படி இருந்தது என்று பங்காரு கண்ணாடியில் பார்த்ததில்லை. இருபத்தெட்டு வருஷம் கழித்து அன்றுதான் மோகனப்பிரியாவின் முகத்தில் பார்த்தாள். பீரோவுக்குள் இருந்த சேலை அன்றைக்கு இரண்டு சொம்பு சொட்டியது.

மத்தியானம் அவள், "எல்லாரும் சேந்து வெங்கடபதி தோட்டத்துக் கொகை பாத்துட்டு வரலாமா, கண்ணு" என்று அருண்குமாரிடம் கேட்டாள். வாயைத் திறந்து எதையும் கேட்காதவள் கேட்டுவிட்டாளே என்று வீடே பூரித்துப்போனது. அருண்குமார் வாட்ஸப்பில் 'குகை டூர்' என்று ஒரு குழு தொடங்கினான். கல்யாண வேலை மும்முரமாவதற்கு முன் ஆனி மாதம் மூன்றாவது ஞாயிறு என்று முடிவானது. பல்லடம் வழியா பொள்ளாச்சி வழியா என்று நாலு நாள் விவாதம் நடந்தது. ராசாத்தாள் புளிசாதமும் அவித்த முட்டையும் தன் பொறுப்பு என்றாள். மோகனப்பிரியா வரவில்லை என்று எழுதி, பிறகு அத்தைக்காக வருகிறேன் என்று எழுதினாள். பங்காரு ஒரு நோட்டில் யாரை யார் கூப்பிடுவது என்று எழுதி எல்லோருக்கும் காட்டினாள். ராசாத்தாளைப் பங்காரு, மோகனப்பிரியாவைப் பங்காரு, அருண்குமாரைப் பங்காரு, காளிச்சாமியைப் பங்காரு. கேட்கவே வேண்டியதில்லை. காளிச்சாமியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட அவளைவிட்டால் வேறு யாரும் இல்லை. தாய் தகப்பன் இல்லை, சித்தப்பா இல்லை, மாமனார் மாமியாரும் இல்லை. சரசா இளையவள். மூத்த பங்காளிகள் இரண்டு பேரோடும் வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை நின்று பல வருஷமாயிற்று. காளிச்சாமி நோட்டை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "எங்கக்கா கூப்புட்டா நான் செத்தாலும் எந்திரிச்சு வருவேன்" என்றார். பங்காருவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு பொய்யும் இல்லை.

அவர்கள் குகைக்குப் போன நாள் நல்ல காற்று. காற்றாலைகள் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பங்காரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். மற்ற நாலு பேரும் செருப்பை விட்டுவிட்டு இறங்கினார்கள். உள்ளிருந்து கைடு பேசுவதும், யானைத் துதிக்கையைப் பார்த்து மற்ற கூட்டத்தின் குழந்தைகள் கத்துவதும் கேட்டது. முக்கால் மணி நேரம் கழித்து நாலு பேரும் அடிப்படியில் வந்து நின்றார்கள். மேலே இருந்து பார்த்தால் நாலு தலையும் தெரிந்தன. பங்காரு எழுந்து, "ராசாத்தா" என்றாள். ராசாத்தாள் ஏறி வந்தாள். "அருணு" என்றாள். அவன் வந்தான். "மோகனப்பிரியா" என்று முழுப்பெயரையும் சொன்னாள். அவள் வந்தாள். பிறகு பங்காரு நாற்காலியில் உட்கார்ந்து, பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்து, மூடியைத் திருகினாள்.

"நங்கையா, அவுங்கள இன்னும் கூப்புடுலீங்களே" என்று நாத்தனாரிடம் கேட்டாள் ராசாத்தாள்.

"கல்யாணம் முடியட்டும், அம்மணி. அப்பறம் பாக்கலாம்."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. காளிச்சாமி படியில் காலை எடுத்து வைத்துப் பார்த்தார். கால் எடுத்த படியிலேயே திரும்பி வந்து நின்றது. "அக்கா, என்ன வெளையாட்டு" என்றார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார். தூணோரம் நின்ற முகம் அது. அவருக்கு அப்போது ஞாபகம் வந்துவிட்டது என்பது பங்காருவுக்குத் தெரிந்தது, ஏனென்றால் அதற்கப்புறம் அவர் விளையாட்டு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. ராசாத்தாள் காலில் விழுந்தாள். அருண்குமார் வெட்கத்தை விட்டு அப்பாவின் பெயரைச் சத்தமாகச் சொன்னான். குகை காதில் வாங்கவில்லை. மோகனப்பிரியா மட்டும் அத்தையின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் வண்டி கிளம்பியபோது புளிசாதத்தில் ஒரு பொட்டலம் மிச்சமிருந்தது. கீழே கொடுத்தனுப்பினார்கள். பசிக்கவில்லை என்று திரும்பி வந்தது.

மறுவாரம் ராசாத்தாள் பங்காளி வீடுகளின் படியேறினாள். மூத்தவர் படுத்த படுக்கை, வாயில் பேச்சு நின்று ஆறு மாதமாகியிருந்தது. அடுத்தவர் காப்பி கொடுத்து உபசரித்து, "அவன் பேர இந்த வாயால சொல்றதில்லைன்னு மாரியாத்தா கோயில்ல சூடம் அணைச்சுப்போட்டனே, நான் என்ன பண்றதுங்க" என்று வருத்தப்பட்டார். முகத்தில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. அழைப்பிதழ் கொடுத்த இடங்களிலெல்லாம் காளிச்சாமி எங்கே என்று கேட்டார்கள். குகையில் இருக்கிறார் என்றதும், ஓ, கூப்பிட ஆள் இல்லையா என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போனார்கள். சூலூரில் இதற்கு முன்பே இரண்டு வீட்டில் அப்படி நடந்திருந்தது.

கல்யாணத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. ரித்திகா பட்டுடுத்தித் தயாராக நின்றாள், பாவம், அவள்மேல் தப்பில்லை. அருமைக்காரர் மாறியிருந்தார், கேள்வி மாறவில்லை. "மாப்பிள்ளை, பொறந்தவளக் கூப்புடுங்க." அருண்குமார் ரித்திகாவைப் பார்த்தான். தூணோரம் மோகனப்பிரியா சும்மா ஒரு பருத்திப் புடவையில் நின்றாள். அவளுக்குப் பின்னால், சொட்டச் சொட்ட ஒரு கூடையைக் கையில் வைத்துக்கொண்டு அத்தை நின்றாள். அத்தையின் கண் அவன்மேல் இருந்தது. "அக்கா, நீ வா" என்றான் அருண்குமார். பயத்தில் கூப்பிட்டானா பாசத்தில் கூப்பிட்டானா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. பங்காருவுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. மோகனப்பிரியா அந்த ஈரச் சேலையை உடுத்தி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மேடை ஏறினாள். மஞ்சள் தண்ணீர் மேடையெங்கும் ஓடியது. சம்பந்தி வீட்டார் பட்டுப்புடவைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முனகிய நாலைந்து பேரின் செருப்பும் நனைந்தது. மோகனப்பிரியா அழவில்லை, தம்பியின் கையில் சேலை முனையைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். அந்த நிமிஷத்துக்காக எத்தனை வருஷம் வேண்டுமானாலும் காத்திருந்திருக்கலாம் என்று பங்காருவுக்குத் தோன்றியது.

இனிமேல் சேலை காய்ந்துவிடும் என்று ராசாத்தாள் உட்பட எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பங்காருவும்தான் எதிர்பார்த்தாள். காயவில்லை. கொடியில் போட்ட சேலை மறுநாள் காலையிலும் சொட்டிக்கொண்டிருந்தது. மோகனப்பிரியாவுக்குக் கிடைத்தது மோகனப்பிரியாவுடைய நியாயம். அது தன்னுடையது இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சேலையை மடித்து ஒரு பையில் போட்டுக்கொண்டு, உடுமலை பஸ் ஏறி, இறங்கி, ஆட்டோ பிடித்து வெங்கடபதியின் தோட்டத்துக்குப் போனாள்.

காளிச்சாமி அடிப்படியில் உட்கார்ந்திருந்தார். போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையில் கசங்கல்கூட இல்லை. பங்காரு நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கல்யாணத்தை ஒன்று விடாமல் சொன்னாள். யார் யார் வந்தார்கள், பந்தியில் என்ன என்ன போட்டார்கள், புது மருமகள் எந்த நிறத்தில் பட்டு உடுத்தியிருந்தாள், அப்பா இடத்தில் நின்று சடங்கு செய்தது யார், மோகனப்பிரியா எப்படி மேடையேறினாள். அவர் தலையைக் குனிந்து கேட்டார். நடுவில் அழுதார். சொல்லி முடித்ததும் எழுந்து நின்று, கையைக் கூப்பி, "அக்கா, அன்னிக்கு உன்னத்தான் கூப்புட்டிருக்கோணும். தப்புப் பண்ணிப்போட்டேன். கூடைய எடுத்துக்கிட்டு வாக்கா" என்றார்.

இருபத்தெட்டு வருஷமாக அவள் கேட்க நினைத்த வார்த்தை. கேட்டதும் மனம் இளகும் என்று நினைத்திருந்தாள். இளகவில்லை. கேட்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னார். காற்றாலைகளின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று மூன்றாவது தடவையும் சொல்லவைத்தாள்.

"கூப்புடுக்கா" என்றார் காளிச்சாமி.

"கூப்புடறேண்டா. கூப்புடாம எங்க போறேன். நான் நின்ன அளவுக்கு நீயும் நின்னுபோட்டு வா. இருவத்தெட்டு வருசம்" என்றாள் பங்காரு. அதைச் சொல்லிவிட்டு, நாற்காலியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, வெங்கடபதியிடம் போய்வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினாள். பஸ்ஸில் சில்லறை எடுக்கப் பைக்குள் கைவிட்டபோது சேலை தட்டுப்பட்டது. கஞ்சி போட்டுத் தேய்த்த மாதிரி மொடமொடவென்று காய்ந்திருந்தது.

இப்போது காளிச்சாமியும் அந்தக் குகையின் ஒரு பகுதி. யானை, தேர், பருத்திப் பொதி முடிந்து, படிக்கட்டுக்கு வரும் வழியில் கைடு நின்று, இவர் சூலூர் காளிச்சாமி, அக்கா கூப்பிடக் காத்திருக்கிறார் என்று சொல்லுவார். வருகிறவர்கள் வணக்கம் வைப்பார்கள். அவரும் வைப்பார். ராசாத்தாள் முதலில் வாரம் ஒரு தடவை போனாள், இப்போது அமாவாசைக்கு அமாவாசை. தறிக் கொட்டகையை மோகனப்பிரியா பார்த்துக்கொள்கிறாள், முன்னைவிட நன்றாகவே ஓடுகிறது. ராசாத்தாளுக்கு ஒரே ஒரு கவலைதான். "நங்கையா, அவுங்க அப்படியே அம்பத்துநாலுலயே நின்னுருவாங்க. நான் போயி எழுவத்தாறுல நின்னா, பாக்கறவங்க ஆத்தாளும் மகனும்னு சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டாள். பங்காரு அதை யோசித்துப் பார்த்து, சொல்லத்தான் சொல்லுவார்கள் என்று ஒத்துக்கொண்டாள்.

கணக்குப்படி இரண்டாயிரத்து ஐம்பத்திரண்டு ஆவணியில் பங்காரு குகை வாசலில் போய் நின்று கூப்பிட வேண்டும். அப்போது அவளுக்கு எண்பத்தொன்பது வயது. ஊரில் சிலர் அவள் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் அவன் கதி என்ன என்று கேட்கிறார்கள். அவளுக்கும் அந்த நினைப்பு உண்டு. கறிவேப்பிலை மரத்துக்கு இப்போது குழாய்த் தண்ணீர்தான் ஊற்றுகிறாள். காலையில் சூலூர்க் குளத்துக் கரையில் மூன்று சுற்று நடக்கிறாள், மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறாள். நாற்பது வருஷப் பழக்கம், ஆனாலும் காப்பிக்குச் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டாள்.